மூன்று தரம் கூப்பிடும் பொம்மை

நாலு நொடிப் பதிவில் ஒரு மேடு அதிகமாக இருந்தது.

யசோதா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒலியைத் திரையில் கோடாகப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும், பிள்ளைகள் பதிவு செய்த எதுவும் சுத்தமாக இருக்காது என்று. நாற்காலி இழுபடும், ஒருவன் தும்முவான், இன்னொருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் ஊதுவாள், தெருக்கோடித் தறிகளின் தடதடப்பு எல்லாவற்றுக்கும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதெல்லாம் திரையில் கரடுமுரடாகத் தெரியும். இந்த மேடு வழவழப்பாக இருந்தது. கீர்த்தி தன் பெயரைத் தானே ஒருமுறை கூப்பிட்ட பெரிய மேடு முதலில். பிறகு இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் கோடு. அந்த வெறுமையின் கடைசியில் இது.

சனிக்கிழமை மாலை ஐந்தே முக்கால். மற்ற ஐந்து பிள்ளைகளும் தொடுதிரை டேப்களைப் பைகளில் திணித்துக்கொண்டு படி அதிர இறங்கிப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐப்பசி மழை நின்று போயிருந்தது. ஈரச் சுவர் வாசனையும், பிள்ளைகள் விட்டுப் போன வேர்க்கடலைத் தோல் வாசனையும், சூடான பழைய பேட்டரிகளின் வாசனையும் அந்த மாடி அறையில் கலந்து நின்றன. மூலையில் பாயில் உட்கார்ந்து அக்கா மகள் கீர்த்தி தன் டேப்பில் எதையோ வரைந்துகொண்டிருந்தாள்.

நாராயணவனத்தில் ஒரு மாடி அறையில், பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு என்று யசோதா போர்டு மாட்டியபோது தெருவே சிரித்தது. "பொம்ம ஓட்டக் கத்துக்கினு இன்னா பண்ணப் போவுதுங்க?" என்று கேட்டவர்களே அடுத்த வாரம் பிள்ளைகளைத் தலை வாரி அனுப்பி வைத்தார்கள். சென்னையில் எட்டு வருடம், எங்கோ இருக்கிற வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்களுக்குப் பாடப் படங்களை அசைய வைக்கிற வேலை அவளுக்கு. ஒருநாள் கம்பெனி ஒரே கடிதத்தில் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. அங்கே கழித்துப் போட்ட டேப்களில் ஆறை மட்டும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாள். கணவன் தாமோதரன் ரேணிகுண்டா ரயில் பட்டறையில் வேலை. இந்த வாரம் இரவு ஷிப்ட்.

பாடம் எளிமையானதுதான். வண்ண வண்ணப் பிளாக்குகள் ஒன்றோடொன்று பொருந்தும். ஒரு பிளாக் பொம்மையை நடக்க வைக்கும், ஒன்று வாயை மூடிய படத்தை எடுத்துவிட்டு வாயைத் திறந்த படத்தைப் போடும், ஒன்று ஒலியை எழுப்பும். பச்சைக் கொடியைத் தொட்டால் எல்லாம் ஓடும். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள், தாங்கள் கிறுக்கிய வட்டமுகம் முதல்முறை வாய் திறந்து பேசும்போது போடுகிற கூச்சலைக் கேட்க வேண்டும். சம்பளம் தராத சந்தோஷத்தை அது யசோதாவுக்குத் தந்தது.

ஆறு பிள்ளைகளும் பேச வைத்தது யாரை? எல்லோரும் ஊரில் இல்லாதவர்களைத்தான். கிரண்குமாரின் நைனா பெங்களூரில் கட்டட வேலை. பத்மாவின் அம்மா சத்தியவேடு பக்கம் ஓர் ஆலையில், ஹாஸ்டலில் தங்கி, செல்போன் பொருத்துகிறாள். கிஷோருக்கும் ஹரிபாபுவுக்கும் அப்பாக்கள் சென்னையில். எல்லோருக்கும் சின்னவளான சிவசங்கரியின் அம்மாவும் அப்பாவும் விடியற்காலைப் பஸ்ஸில் திருப்பதி போய் ஒன்பது மணிக்கு மேல்தான் திரும்புவார்கள். கீர்த்தியின் அம்மா குவைத்தில்.

கீர்த்தியின் அம்மா மல்லிகா, யசோதாவின் அக்கா. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன பிறகு வீட்டு வேலைக்கென்று விமானம் ஏறினாள். ரேணிகுண்டா ஸ்டேஷனில் ரயில் நகரும்போது ஜன்னல் வழியாகப் பிள்ளையின் கையை எடுத்து யசோதாவின் கையில் வைத்து, "இவள மட்டும் பாத்துக்கோ யசோ, வேற ஒண்ணும் கேக்கல" என்றாள். இரண்டு வருடமாயிற்று. யசோதாவுக்குப் பிள்ளை இல்லை. இப்போது அவளுக்கு இருப்பதெல்லாம் இந்தப் பிள்ளைதான், அதை வெளியில் சொல்ல அவளுக்குக் கூச்சமும் கிடையாது.

கீர்த்தியின் வேலைதான் வகுப்பில் மிகச் சிறப்பாக வந்திருந்தது. நீல முக்காடு போட்ட அம்மா பொம்மை கதவருகே வரும், வாயைத் திறக்கும், "கீர்த்தி" என்று கூப்பிடும். அம்மா மாதிரியே இழுத்துக் கீர்த்தியே பேசிப் பதிவு செய்திருந்தாள். பிரித்துப் பார்த்துப் பழகட்டும் என்று அதை யசோதா ஐந்து டேப்களிலும் ஏற்றிக் கொடுத்திருந்தாள். வீட்டுப்பாடம்: கீர்த்தியின் பெயருக்குப் பதில் உங்கள் பெயர் வர வேண்டும்.

யசோதா இயர்போனை மாட்டிக்கொண்டு அந்தச் சின்ன மேட்டை மட்டும் ஓட்டினாள். காற்று மாதிரி ஏதோ. ஒலியைக் கூட்டினாள். மறுபடி ஓட்டினாள்.

"கீர்த்தி."

மல்லிகாவின் குரல். யாரோ மல்லிகா மாதிரிப் பேசியது இல்லை. 'ர்'ரில் லேசாக நாக்கு தடுக்கும் அந்தத் தடுக்கல்கூட இருந்தது.

"கீர்த்தி, இந்தச் சவுண்டு எடுக்கறப்ப அம்மாவோட வாய்ஸ் மெசேஜ் ஏதாச்சும் போட்டியா?"

"இல்ல சின்னம்மா. அம்மாதான் வாய்ஸே அனுப்பறதில்லியே." பெண் தலை நிமிரவில்லை. "ரொம்ப நாளாச்சி."

அது உண்மைதான். யசோதா இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். வெளியே தெருவிளக்கு எரிந்தது. தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கிற வரைக்கும் உலகம் ஒழுங்காக நடக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

இந்தத் தெருவில் விளக்கு வைத்த பிறகு வாசலில் ஒரே ஒரு தரம் கூப்பிடும் குரலுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. கூப்பிடுகிறவர்களும் மூன்று தரம் கூப்பிடுவார்கள். சிலிண்டர்காரன் மூன்று தரம் கத்துவான், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களும் மூன்று தரம் கூப்பிட்டுவிட்டுத்தான் கும்பிடு போடுவார்கள். ஒத்தக்குரல் என்று ஒன்று உண்டு, அதற்கு ஒரு தரம் கூப்பிடத்தான் மூச்சு இருக்கிறது, ஏமாந்து பதில் சொன்னவன் குரலை அது எடுத்துக்கொண்டு போய்விடும், அப்புறம் அந்தக் குரலிலேயே அவனுக்கு வேண்டியவர்களைக் கூப்பிடும் என்பது பேச்சு. தறிக்காரர் ரங்கையா அப்படித்தான் ஆனார் என்பார்கள். திருப்பதி டாக்டர் பக்கவாதம் என்றார். பக்கவாதம் வந்தவர் கை கால் எல்லாம் நன்றாக ஆட்டிக்கொண்டு, நாள் முழுக்க வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டு சாகும்வரை தறி நெய்தார்.

யசோதா இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் முப்பத்துநாலு வயது வரைக்கும் ஒற்றைக் கூப்பாட்டுக்கு அவள் வாய் திறந்ததும் இல்லை. நம்பாமலே கடைப்பிடிக்க எத்தனையோ இருக்கிறதே.

புதன்கிழமை வகுப்பில், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் ரிப்பீட் பிளாக்கைப் புரிய வைக்க அவளுக்கு அதுதான் கைகொடுத்தது. "உங்க வீட்டு வாசல்ல வந்து எத்தினி தரம் கூப்பிடணும்?" என்று கேட்டாள்.

"மூணு!" ஆறு பேரும் ஒரே குரலில்.

"ஒரு தரம் கூப்பிட்டா?"

"வாய தொறக்கக் கூடாது!"

"அப்ப இந்தக் கட்டத்துல இன்னா நம்பர் போடுவீங்க?"

எல்லோரும் மூன்று என்று போட்டார்கள். கிரண்குமார் மட்டும் யோசித்துவிட்டு, "டீச்சர், இதுக்குள்ள எத வெச்சாலும் மூணு தரம் பேசுமா?" என்று கேட்டான். எதை வைத்தாலும் பேசும் என்று சொல்லி அவள் அவனைத் தட்டிக்கொடுத்தாள்.

எதை வைத்தாலும். இப்போது அவள் மடிக்கணினியைக் கிட்டே இழுத்தாள். அவள் அந்தச் சின்ன மேட்டைத் தேர்ந்தெடுத்து அழித்தாள், சேமித்தாள், மூடித் திறந்தாள். கோடு மாறியிருந்தது. கீர்த்தி பேசிய பெரிய மேட்டைக் காணோம். வழவழப்பான அந்த ஒன்று மட்டும், இப்போது நடுவில், முன்னைவிட உயரமாக இருந்தது.

முழுப் பதிவையும் அழித்தாள். காலியான பட்டியலை நான்குவரை எண்ணும் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஒலி ஒன்று' என்ற பெயரில் ஒரு பதிவு அதில் தானாகவே வந்து நின்றது.

மடிக்கணினியை மூடிவிட்டுப் போனை எடுத்தாள். குவைத்தில் இப்போது மூன்றரை மணி ஆகப் போகிறது, அக்காவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் நேரம். 'அக்கா, ஒரு வார்த்தை பேசி அனுப்பு' என்று தட்டினாள்.

'தொண்ட இன்னும் சரியாவல. நீ மெசேஜே பண்ணு.'

மேலே தள்ளிப் பார்த்தாள். ஏழு வாரம். தொண்டை சரியில்லை, தொண்டை சரியில்லை, சளி, மேடம் வீட்டில் விருந்தாளி, கும்பிடு போடும் கை, பூ, தொண்டை சரியில்லை. ஏழு வாரத்துக்கு முன்னால் கடைசியாகப் பேசியது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அக்கா சிரித்துச் சிரித்துச் சொன்னாள்: "இங்க மேடம் ஒரு தரம்தான் கூப்பிடும் யசோ. ரெண்டாந்தரம் கூப்பிட வெச்சா மூஞ்சே மாறிப் போவுது. மொதல்ல நம்மூரு பழக்கத்துல சும்மா நின்னுக்கினு இருந்தேன், செம திட்டு. இப்ப வாயெடுக்கறதுக்குள்ள ஆங்னுட்டு ஓடறேன்." யசோதாவும் சிரித்தாள்.

மின்சாரம் போயிற்று.

மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. கீழ்வீட்டு டிவி நின்றது. தெருவிளக்கு அணைந்தது. தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன, கடைசித் தறி இரண்டு தட்டுத் தட்டி ஓய்ந்தது. அந்த அமைதியில் கீழே கூரையிலிருந்து தகரத்தில் சொட்டும் தண்ணீர் கேட்டது, மூலையில் கீர்த்தி மூச்சு விடுவது கேட்டது. டேப்பின் வெளிச்சம் பெண்ணின் மோவாயில் நீலமாக விழுந்தது.

யசோதா வீடியோ அழைப்புப் போட்டாள். துண்டிக்கப்பட்டது. மறுபடி போட்டாள். துண்டிக்கப்பட்டது. மூன்றாம் முறை மல்லிகா எடுத்தாள்.

ஒரு சமையலறை. வெள்ளை ஓடு. குழாயில் தண்ணீர் விழும் ஓசை, எங்கோ ஒரு குழந்தை அழும் ஓசை, குளிர்சாதனம் உறுமும் ஓசை எல்லாம் தெளிவாகக் கேட்டன. நடுவில் அக்காவின் முகம், கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய். அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். திறந்தாள். குழாய்ச் சத்தம் மட்டும் வந்தது. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

"அக்கா." யசோதா போனை முகத்தருகே கொண்டுபோனாள். "அக்கா, யாருக்குப் பதில் சொன்ன?"

மல்லிகா ஒரு விரலைக் காட்டினாள். ஒன்று.

அப்போதுதான் அறையின் மூலையில் பச்சைக் கொடியைத் தொடும் 'டிக்' சத்தம் கேட்டது.

"கீர்த்தி."

அம்மாவின் குரல். ஈர அறை முழுக்க நிறைந்த குரல். பாயில் கீர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாய் திறக்கவில்லை. நல்ல பிள்ளை, பழக்கம் அப்படி. டேப்பைப் பார்த்தபடி ஒரு விரலை மடக்கினாள்.

யசோதா எழுந்தாள். நாற்காலி காலில் மாட்டியது.

"கீர்த்தி."

இரண்டாவது விரல்.

"பேசாத! கீர்த்தி, அது அம்மா இல்ல, பேசாத..."

இருட்டு. மேசை முனை இடுப்பில் இடித்தது. டேப்களின் சார்ஜர் ஒயர் காலைச் சுற்றியது. விழுந்தாள். பாய்வரை தவழ்ந்து கையை நீட்டினாள். விரல் பெண்ணின் பாவாடையைத் தொட்டது.

"கீர்த்தி."

பெண்ணின் முகம் மலர்ந்தது. இரண்டு வருடமாக யசோதா அந்த முகத்தில் பார்க்காத மலர்ச்சி. மூன்றாம் தரம் கூப்பிட்டால் அது மனுஷக் குரல். அவளுக்கு அப்படித்தான் எல்லோரும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"ஆங், வரேம்மா!"

யசோதாவின் உள்ளங்கை அவள் வாயை மூடியபோது அந்தச் சொல் வெளியே போயாகிவிட்டது.

கைக்குள் உதடுகள் அசைந்தன. யசோதா கையை எடுத்தாள். கீர்த்தி ஏதோ சொன்னாள். மறுபடி சொன்னாள். தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கண்கள் பெரிதாயின. வாய் திறந்தது, மூடியது, திறந்தது.

"பேசு. கண்ணு, பேசும்மா. ஏதாச்சும் சொல்லு." அவளை உலுக்கினாள். தோளைப் பிடித்து, கன்னத்தைத் தட்டி, மார்போடு அணைத்து. பெண்ணின் இதயம் அடித்துக்கொண்டது. அழுகை உடம்பை ஆட்டியது. சத்தம் இல்லை. தரையில் கிடந்த போனில் அக்காவின் முகம் கூரையைப் பார்த்து வாயை அசைத்துக்கொண்டிருந்தது. அக்கா தன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

பின்னால், மாடிப்படியில், இருட்டில்:

"சின்னம்மா."

பயந்த குரல். காய்ச்சலில் கீர்த்தி எழுப்புவாளே, அந்தக் குரல். ஒரே ஒரு தரம்.

"என்னம்மா?" என்றாள் யசோதா.

சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவள் மடியில் கீர்த்தி தலையை வேகமாக ஆட்டினாள், இல்லை, இல்லை என்று. வலி ஒன்றும் இல்லை. தொண்டையில் இத்தனை வருடம் இருந்தது இருந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். அவள் கத்தினாள். தண்ணீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது.

பிள்ளைகள். ஐந்து டேப்கள்.

ஓடினாள். மாடிக் கைப்பிடிச் சுவர். கீழே கறுத்துக் கிடக்கும் தெரு. மின்சாரம் போனால் பிள்ளைகள் வாசலுக்கு வந்துவிடும், வந்திருந்தன. ஐந்து வாசல். ஐந்து நீல வெளிச்சம்.

"கிரண்."

அவளுடைய குரல். வகுப்பில் பெயர் கூப்பிடும் குரல், கடைசியில் லேசாக ஏறும். எதிர்வீட்டு வாசலில், டேப்பிலிருந்து.

அவள் கத்தினாள். வேண்டாம். வேண்டாம்.

"கிரண்."

பையன் காத்திருந்தான். புதன்கிழமை கற்றுக்கொண்டதை அவன் மறக்கவில்லை.

"கிரண்."

"ஆங் டீச்சர்!"

"பத்மா."

எவர்சில்வர் சொம்பு ஒன்று கைக்குக் கிடைத்தது. சுவரில் அடித்தாள். அடித்தாள். அடித்தாள். தெருவே அதிர்ந்தது. பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தன. மாடியில் டீச்சர். பின்னால் கீர்த்தி பிடித்த போனின் வெளிச்சத்தில் டீச்சரின் முகம். வாய் திறந்து திறந்து மூடியது. அந்த வாய்க்குச் சரியாக, டேப்பில் குரல்.

"பத்மா. பத்மா."

"ஆங் டீச்சர்!"

வாயை மூடிக்கொள்ள வேண்டும். தெரிந்தது. முடியவில்லை. தாடை தானாக இறங்கியது, தானாக ஏறியது.

"கிஷோர். கிஷோர். கிஷோர்."

"ஆங் டீச்சர்!"

"ஹரி. ஹரி. ஹரி."

"ஆங்!"

பதில் சொன்ன ஒவ்வொரு வாசலும் அடங்கியது. கடைசி வீட்டில் சிவசங்கரி. ஆறு பேரிலும் சின்னவள், எதையும் இரண்டு தரம் கேட்டுத்தான் நம்புவாள். மூன்று தரம் கூப்பிட்டும் அவள் பேசவில்லை. டேப்பைக் கீழே வைத்துவிட்டுத் தெரு நடுவுக்கு வந்தாள். தலையை அண்ணாந்து, மாடியில் தன் டீச்சரின் வாயையே கவனமாகப் பார்த்தாள்.

யசோதாவின் வாய் திறந்தது.

"சங்கரி."

குழந்தைக்குச் சந்தேகம் தீர்ந்தது. சிரித்தபடி கையைத் தூக்கி, பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.